ஒருவர் மட்டும் பார்த்த கருநாரை

அன்புத் தோழிக்கு,

ஆறு வருடங்களுக்கு முன் நீ ஏரியில் கருநாரையைப் பார்த்ததாக நம் பறவை பார்ப்போர் சங்கக் குறிப்பேட்டில் எழுதினாய். வேறு யாரும் பார்க்காததால் அந்த வரியை நான் அடித்தேன். "நீ பாக்கலைன்னா அது பறவையே இல்லையாடி?" என்று கேட்டுவிட்டுப் போனவள் பிறகு வரவே இல்லை. என் கணவர் காலமானபோதும் நீ வரவில்லை, நானும் சொல்லியனுப்பவில்லை.

நேற்று, ஏரிக்கரையில் நாம் ஒளிந்திருந்து பறவை பார்க்கும் மறைகுடிலின் ஜன்னலுக்கு நேரே கருநாரை வந்து இறங்கியது. சிவந்த அலகு, வெள்ளை வயிறு. பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த செயலாளர் நிமிர்வதற்குள் பறந்துவிட்டது.

"ரெண்டு பேர் பாத்திருக்கணுமேம்மா. நீங்க போட்ட சட்டமாச்சே!" என்று சிரித்தார்.

நான் பார்த்ததை எழுதவில்லை. அடித்திருந்த உன் வரியை மட்டும் திரும்ப எழுதி, கீழே கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வா. நாரை வருமோ தெரியாது. பார்க்க இரண்டு பேர் இருக்க வேண்டும்.

சட்டம் பேசுகிறேன் என்று நீ கேலியாகப் பெயர் வைத்த,
மதர் சுப்பீரியர்