தோல் படாத அடைப்பான்கள்

நலம் பெருகுக. மழை பிழையாத தண்புனல் நாட்டை ஆளும் மாவேள் மன்னர் திருமுன்பு, கருங்குன்ற நாட்டரசி பூதிநங்கையார் மொழிந்தருள, அரண்மனை ஓலைநாயகம் எழுதும் ஓலை. தங்கள் ஆறும் அறமும் என்றும் வற்றாதிருக்க.

தங்கள் சாயப்பட்டறைக்கென நட்பின் பரிசாக இங்கிருந்து வந்த குழாய் அடைப்பான்களை, நடுவே துளையிட்ட வெண்கலக் குண்டைக் கைப்பிடியால் திருப்பி நீரை விடவும் நிறுத்தவும் ஆனவற்றை, மன்னர் அறிவீர். அவற்றை மூடிய பின்னும் நீலச்சாயம் கசிந்து இளவரசியின் மணப்பட்டு ஊறிய தொட்டியில் கலந்ததையும், அரச இலச்சினை தாங்கிய பொருள் பிழைபடாது என்று நம்பித் தாங்கள் பட்டறைத் தலைவர் கூத்தனாரை விலங்கிட்டதையும் தூதர் வந்து உரைத்தார்.

அந்த விலங்கு கூத்தனாருக்கு உரியதன்று. அடைப்பான்களைத் தேர்ந்தவர் எங்கள் அமைச்சர் சேந்தன் விழுப்பரையர். செய்தி கேட்டதும் அவர் எஞ்சியிருந்த ஓர் அடைப்பானை நந்தவனத் தொட்டியில் பொருத்தித் தம் கையாலேயே மூடினார். சொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார், அப்போதும் சொட்டியது. சுற்றி நின்ற பணிமக்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தனர். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மலை அணையிலிருந்து பாய்ந்து இறங்கும் நீர் தன் வேகத்தாலேயே குண்டைத் தள்ளி, அது அமர்ந்திருக்கும் வெண்கல விளிம்போடு அழுத்திவிடும். ஒரு துளியும் தப்பாது. பட்டறைத் தொட்டியின் நீரோ சோம்பலாக வருவது. அதற்கு அந்த வலு இல்லை; ஆகவே குண்டைச் சுற்றி மெழுகூட்டிய தோல் வளையம் வேண்டும். குழாய்த்துறையை நெடுங்காலம் ஆண்ட விழுப்பரையர் இதை அறியாதவர் அல்லர். ஆனால் இலச்சினை பொறித்த எதிலும் விலங்கின் தோல் படலாகாது என்பது இந்நாட்டு வழக்கம். பரிசுப் பொருளில் நாட்டின் பெருமை பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் இலச்சினையை வைத்துக்கொண்டு தோலைக் கைவிட்டார். மலைக்குழாய்க்குரிய கனத்த அடைப்பானையே தேர்ந்தார். பெருவெள்ளத்தையே நிறுத்துவது இந்த மெலிந்த நீரையா நிறுத்தாது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

குற்றமற்ற ஒருவர் தம்மால் சிறையில் வாட, தமக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் அரசியார் திருமுன் தலைகவிழ்ந்து விண்ணப்பித்தார். அரசியார் கடிந்துகொள்ளவில்லை. அந்த வழக்கத்தை ஒருநாளும் ஏனென்று கேளாத தமக்கும் இந்த வெட்கத்தில் பங்குண்டு என்று மட்டும் மொழிந்தருளினார்.

ஆதலின், இவ்வோலை கண்ட பொழுதே கூத்தனாரை விடுவித்தருள வேண்டுகிறோம். ஓலையைச் சுமந்து தங்கள் வாயிலில் நிற்பவர் விழுப்பரையரே. பல்லக்கும் குடையும் இன்றி வந்திருக்கிறார். விலங்கைத் தம் கையால் கழற்ற அவருக்கு இசைவு தருக. பின்னர் மெல்லிய வார்ப்பும் தோல் வளையமும் உடைய, இலச்சினை அற்ற அடைப்பான்களை அவரே பொருத்துவார். கூத்தனார் மூடிப் பார்த்துப் போதும் என்று சொல்லும்வரை அவர் பட்டறையை விட்டு நீங்கலாகாது. இது அரசியாரின் ஆணை.

இவ்வோலையைக் கட்டியிருப்பது ஆட்டுத்தோல் வார். அதன் முடிச்சின்மேல் அரசியார் தம் கையாலேயே இலச்சினை பதித்தருளினார். மன்னர் தொட்டுப் பார்த்து அறிக.