நான் எழுதிக் கொடுத்த கைது

செப்ரெம்பர் 12, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். பச்சைக் குப்பைத் தொட்டியை ரக்கூன் மீண்டும் திறந்திருக்கிறது. மூடிக்குக் கொக்கி வாங்க வேண்டும். நீதிமன்றத்தில் ஒரு பிணை விசாரணைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு, பதினொன்றரைக்கு முடிந்தது.

மதியம் சபா அண்ணையின் அழைப்பு. ஊர்ச்சங்கத் தலைவர். எதிரில் இருப்பவர் வணக்கம் சொல்வதற்கும் இடம் தராதவர்.

"தம்பி, அமெரிக்காவில இருந்து பரன் வாறார். இருபத்தேழாம் திகதி சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டோட பாராட்டு விழா. நீர்தானே அவரோட சென் ஜேம்ஸ் ரவுணில ஒரே அறையில கிடந்தனீர். விழா மலருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தாரும். அண்டைக்கு அவர் இங்கிலீசில பேசுவார். நீர் பக்கத்தில நிண்டு தமிழில சொல்லும். கோட்டில நெடுகச் செய்யிறதுதானே."

"அவருக்குத் தமிழ் தெரியுமே, அண்ணை."

"தெரியாமலே? வீடியோ எடுக்கினமாம், அங்கத்தைய எலெக்சனுக்கு. இங்க இருக்கிறவையின்ர சொந்தக்காரர் எத்தினை பேர் அங்க வோட்டர், சொல்லும் பாப்பம். ஜட்ஜுக்கு நிக்கிற மனிசன்..."

வசனத்தை முடிக்கவில்லை. முடித்ததாகவே நினைத்துக்கொண்டார்.

ஓம் என்றேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

மழை. வாழ்க்கைக் குறிப்பு, முதல் வரைவு. எனக்கு மட்டும்:

– பரஞ்சோதி. இங்கே கனடாவில் பரன். எல்லைக்கு அப்பால், ஆங்கில வாய்க்கு, 'பெரி'.
– சென் ஜேம்ஸ் ரவுண், பதினாறாம் மாடி, ஒரு படுக்கையறை, ஆறு பேர். பகலில் பேக்கரி, மாலையில் கல்லூரி.
– கனடியக் குடியுரிமை. கல்யாணம் அமெரிக்காவில், பிறகு அந்த நாட்டுக் குடியுரிமையும். மாமனார் வீட்டு நிலக்கீழ் அறையிலிருந்து சட்டப் படிப்பு.
– அரச வழக்கறிஞர் அலுவலகம், சில வருடம். பாடசாலைச் சபை. பிறகு மாநில சட்டசபை, மூன்று தவணை. நீதித்துறைக் குழுவில் உறுப்பினர்.
– தன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் புதிதாக ஒரு நீதிபதி ஆசனம் கோரிய சட்டமூலம். ஆதரவாக வாக்கு.
– தொகுதி எல்லை மாற்றம். இனி வெல்ல முடியாத தொகுதி.
– மேற்படி ஆசனத்துக்கு வேட்பாளர்.

நாற்காலி செய்யக் கை உயர்த்தியவன் இப்போது அதில் உட்காரக் கை கூப்புகிறான். சட்டவிரோதம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். தேடினேன் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

அங்கே நீதிபதியையும் மக்கள்தான் தெரிவுசெய்கிறார்கள். வீட்டு முற்றங்களில் பிரசார அட்டை நடுகிறார்கள். அவனுடைய அட்டையில் பெயருக்குக் கீழே ஒரு வரி: 'நீதியை நேரில் கண்டவர்.'

சபா அண்ணைக்கு அனுப்பியது: மூன்று பந்தி எழுத்து. பிழையற்றது. நாற்காலி இல்லாதது.

செப்ரெம்பர் 17, புதன்

பல் வைத்தியர், காலை 9.00. மேல் வரிசையில் இடப்பக்கம் வெடிப்பு. பற்களை நெரிக்கிறீர்களா என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது ஆரணி தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மகள், இருபத்திரண்டு வயது, சட்டக் கல்லூரி அனுமதிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பரனின் தேர்தல் வீடியோ. கழுத்தில் நீல ரை, பின்னால் புத்தக அடுக்கு. இருபத்தொரு வயதில் கொழும்பில் ஒரு லொட்ஜில் கைதானானாம். ஒன்பது நாள் பொலிஸ் நிலையமாம். பத்தாம் நாள் நீதவான் காகிதங்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், 'இந்த மாணவனுக்கு எதிராக ஒன்றும் இல்லை' என்று சொல்லி விடுதலை செய்தார். அன்றே தானும் ஒரு நாள் அந்த இடத்தில் அமர வேண்டும் என்று தீர்மானித்தானாம்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "உது எனக்கு நடந்தது" என்றேன்.

"என்ன?"

"லொட்ஜ், ஒன்பது நாள், நீதவான். எல்லாம் எனக்கு நடந்தது. பரனுக்கில்லை."

ஆரணி சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "அப்பா, ஆர் யூ ஓகே? உது பரன் அங்கிளின்ர ஸ்டோரி. நான் சின்னனில இருந்து கேக்கிறன். நீங்க ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லையே."

மனைவி மனோ சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை; தண்ணீரை இன்னும் கூடத் திறந்துவிட்டாள்.

செப்ரெம்பர் 18, வியாழன்

நடந்ததை ஒரு முறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அந்தப் பதினாறாம் மாடியில் எல்லோருடைய அகதிக் கேஸையும் எழுதியவன் நான். சட்டபீடத்தில் இரண்டு வருடம் இருந்தவன், ஆங்கிலம் தெரிந்தவன். சமையலறை மேசையில் வரிசையாக வந்து இருப்பார்கள். கேட்டு எழுதுவேன். பரனிடம் பயம் இருந்தது, சம்பவம் இல்லை. ஊரை விட்டு ஓடி, கொழும்பில் மாமா வீட்டில் ஒளிந்திருந்து, விமானம் ஏறியவன். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் விசாரணை மேசையில் பயத்துக்கு மதிப்பில்லை. திகதியும் இடமும் உள்ள கைதுக்குத்தான் மதிப்பு. இரண்டு கிழமையில் விசாரணை. இரவில் எழும்பி உட்கார்ந்து அழுதான்.

என் கேஸ் ஏற்கப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கைது இனி எனக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன். கம்பளிச் சட்டையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தேன். மனப்பாடம் பண்ணுவித்தவனும் நானே.

நான் சட்டம் முடிக்கவில்லை. வேலை, பிறகு படுக்கையில் கிடந்த அம்மாவின் வருத்தம், பிறகு வயது. இருபத்துநான்கு வருடமாகப் பிறர் வாக்குமூலங்களை மொழிபெயர்க்கிறேன்.

செப்ரெம்பர் 20, சனி

மனோ: "இப்ப என்னத்துக்கு உதைக் கிளறுறியள்? எழுதினது ஆர்? உங்கட கை. அவன்ர பதவி போறதோட உங்கட வேலையும் போகும்."

சரியான வாதம். ஆனாலும் பரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தான்.

"மச்சான்! சபா அண்ணை சொன்னவர். நீ டிரான்ஸ்லேற் பண்ணுறியாம். என்ர லக்."

"பரன், அந்தக் கைதை விடு. பேச்சில அது வேண்டாம்."

கார்க் கதவு சாத்தும் ஒலி. "நீ தந்ததுதானே, மச்சான். தந்ததைத் திருப்பிக் கேக்கிறியோ?"

"கேஸுக்குத் தந்தனான். தேர்தலுக்கில்லை."

"எத்தினை வருசம்? பிள்ளையளுக்குச் சொன்னன், மனிசிக்குச் சொன்னன், சட்டசபையில சொன்னன். உண்மையாச் சொல்லுறன், இப்ப எனக்கு அந்த அறை தெரியுது. அந்த டெற்றோல் மணம் கூட மூக்கில வருது."

டெற்றோல் நான் சேர்த்தது. வாசிப்பவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று. அங்கே டெற்றோல் இருக்கவில்லை.

"சரி, சனிக்கிழமை பாப்பம்" என்று வைத்துவிட்டான். வோட்டர் ஒருவரோடு பேசி முடித்த குரல்.

செப்ரெம்பர் 26, வெள்ளி

கொக்கி பூட்டியாயிற்று. ரக்கூன் தொட்டியையே சரித்துவிட்டது.

அந்த அகதிக் கேஸ் காகிதத்தில் நான் எழுதாத ஒன்று உண்டு. பரனுக்குத் தெரியாது. மனோவுக்கும் தெரியாது. அது மட்டுமே இன்னும் என்னுடையது.

லொட்ஜில் என் அறையைப் பகிர்ந்தவர் மட்டக்களப்புப் பக்கத்துத் தச்சர் ஒருவர். பூபாலபிள்ளை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மத்திய கிழக்கு வேலைக்குப் பதிய வந்தவர். அடையாள அட்டை ஏஜென்சியில் இருந்தது. இருவரையும் ஒன்றாகவே பிடித்தார்கள், ஒன்றாகவே நீதவான் முன் நிறுத்தினார்கள். என்னிடம் சட்டபீடக் கடிதம் இருந்தது. நீதவான் அதை வாசித்து முகம் மலர்ந்தார். எதிர்காலச் சட்டத்தரணி. விடுதலை.

பூபாலபிள்ளை என் சட்டையைத் தொட்டார். "மகன், ஒரு சொல்லுச் சொல்லுங்க. ஒரே அறையில இருந்த ஆள், தச்சுவேலைக்காரன் எண்டு சொல்லுங்க." அவருக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும்.

நீதவானின் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த மனிதரை உமக்குத் தெரியுமா?

தெரியாது என்றேன்.

அவருக்கு விளக்கமறியல், அதாவது சிறை. அதன்பின் அவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. மறந்துபோய் அல்ல.

ஆகவே அந்த நீதவான், அவன் அட்டையில் அச்சடித்திருக்கும் நீதி அல்ல. கடிதம் உள்ளவனை விட்டார், இல்லாதவனை அனுப்பினார். நீதியாக அவரை ஆக்கியது என் பேனா.

செப்ரெம்பர் 27, சனி

தெளிந்த வானம். விழா மண்டபம், வீடிருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். முந்நூறு கதிரை, நிறைந்துவிட்டது. பின்னால் வடை பொரிக்கும் மணம். வாசலில் பரன் என்னைக் கட்டிப்பிடித்தான். மயிர் முழுவதும் கறுப்பு.

"மச்சான், மெலிஞ்சு போனாய்."

மேடையில் அவன் வலது புறம், நான் இடது புறம், இரண்டு மைக். ஆங்கிலத்தில் மூன்று நான்கு வசனம் பேசி நிறுத்துவான், நான் தமிழில். எங்கள் தொழிலில் பேசுபவரின் குரலிலேயே பேச வேண்டும்: 'அவர் கைதானார்' என்பதில்லை, 'நான் கைதானேன்'. இன்றும் அப்படியே. கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்று சத்தியம் செய்தவன். இருபத்துநான்கு வருடத்தில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை.

லொட்ஜ். ஒன்பது நாள். டெற்றோல். நீதவான். 'அன்று நான் நீதியைக் கண்டேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினான். கமெரா அவன் மீது.

நான் அதைச் சொன்னேன். பிறகு நிறுத்தவில்லை. என் குரல் நீதிமன்றத்தில் இருப்பதுபோலவே இருந்தது, ஏற்ற இறக்கமின்றி. என்னோடு இன்னொருவரும் நிறுத்தப்பட்டிருந்தார் என்றேன். தச்சர் என்றேன். ஒரு சொல்லுச் சொல்லும்படி கேட்டார் என்றேன். இந்த மனிதரைத் தெரியுமா என்று நீதவான் கேட்டார், தெரியாது என்றேன், அவரைக் கொண்டுபோனார்கள், நான் வீட்டுக்குப் போனேன் என்றேன்.

பரன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியும். ஒரு கணம் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் காத்திருந்தது அந்த ஒரு கணத்துக்காகத்தான்: இப்போது மறுக்க வேண்டும், அல்லது ஒப்புக்கொள்ள வேண்டும்.

தலை குனிந்தான். மெதுவாக. கண்களை மூடினான்.

முன்வரிசையில் ஒரு அன்ரி சேலைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றினார். பிறகு கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். சபா அண்ணை பொன்னாடையோடு ஓடி வந்தார். மேடைக்குக் கீழே யாரோ: "என்ன மனிசனடா! தன்ர பிழையைச் சபையில ஒத்துக்கொள்ளுறான். உவன்தான் ஜட்ஜ்."

எனக்கு ஒருவர் தண்ணீர்ப் போத்தல் தந்தார். நன்றாகத் தமிழாக்கினேனாம்.

கார் நிறுத்துமிடத்தில் பரன் தனியாக வந்தான். கோபத்தை எதிர்பார்த்தேன். வேண்டியும் இருந்தது.

"அந்தாள் உண்மையோ, மச்சான்?"

"உண்மை."

"பேர் என்ன?"

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை என்னிடம் கேட்ட முதல் மனிதன். சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த ஐந்து நிமிடத்தில் நான் அவனை வெறுக்கவில்லை என்பதை, எழுதப் பிடிக்காவிட்டாலும், எழுதுகிறேன்.

ஒக்ரோபர் 9, வியாழன்

முதல் குளிர். ஹீட்டர் வடிகட்டி மாற்ற வேண்டும். இரத்தச் சீனி கூடியிருக்கிறது.

புதிய தேர்தல் வீடியோ. ஒன்றரை நிமிடம். நீல ரை இல்லை. கழுத்துப் பொத்தான் திறந்த வெள்ளைச் சேட். புத்தக அடுக்கு இல்லை. வெறும் மரக் கதிரை. தன் வாழ்க்கையில் இதுவரை எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போவதாகத் தொடங்குகிறான். ஒரு தச்சன் இருந்தான். அவன் பெயர் பூபாலா. 'அவனைத் தெரியுமா என்று கேட்டார்கள். எனக்குத் தைரியம் இருக்கவில்லை. என் நீதிமன்றத்தில் எந்த மனிதனும் தெரியாதவன் அல்ல.'

குரல் உடையும் இடம் சரியாக இருந்தது. நான் உடையவில்லை, மேடையில். அவன் திருத்தியிருக்கிறான்.

அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனுடைய அலுவலகப் பெண்: ஐயா கூட்டத்தில் இருக்கிறார், செய்தி சொல்லவா? வேண்டாம் என்றேன். என்ன செய்தி சொல்வது? திருடன் என்றா? பெயரை எழுத்துக்கூட்டிக் கொடுத்தவன் நான்.

மனோவுக்கு இப்போது விளங்கிவிட்டது. வீடியோவை இரண்டு தரம் பார்த்தாள். "அந்தத் தச்சர்... உங்களோட இருந்தவரோ?" என்றாள். ஓம். தேநீர் போட்டுத் தந்தாள், சீனியில்லாமல்.

நவம்பர் 5, புதன்

பனித்தூறல். காருக்குக் குளிர்காலச் சக்கரம் பூட்ட, சனிக்கிழமை 10.15.

வென்றுவிட்டான். பத்து வருடத் தவணை. சபா அண்ணை காலை ஏழு மணிக்கே எடுத்து, "எங்கட பெடியன், தம்பி, எங்கட பெடியன்" என்றார். அடுத்த மலருக்கும் நான்தான் எழுத வேண்டுமாம். யோசிக்கிறேன் என்றேன்.

ஆரணி பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். சட்டக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் பரன் அங்கிளைப் பற்றி எழுதுகிறாளாம்.

"சோ பிரேவ், அப்பா. உங்களுக்கு இப்பிடி நடந்திருந்தா, நீங்க வெளியில சொல்லியிருப்பீங்களோ?"

மனோ என்னைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்க மாட்டன்" என்றேன்.

"ஐ நோ" என்று தோளில் அன்பாகத் தட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.