எட்டுப் பேருக்கு ஒரு முன்கூடாரம்

யூலை 5, சனி

காலையில் தூறல். பாடன் பக்கத்துக் கேம்பிங் கடைக்குப் போனோம். கேரவனுக்கு முன்கூடாரம் எடுக்க. இங்கே சுவிஸில் ஃபோர்செல்ட் என்பார்கள். கேரவனின் கதவுப் பக்கத்தில் ஓடுகிற தவாளிப்புப் பள்ளத்தில் கோத்து, முன்னால் இழுத்துக் கட்டுகிற கூடாரம்.

எனக்குப் பிடித்தது சின்னது. கதவடியை மட்டும் மூடும். பம்பால் காற்றடித்தால் எழுந்து நிற்கும். இரண்டு கதிரை, ஒரு மேசை, ஈரச் சப்பாத்து வைக்க ஒரு மூலை. போதும். பிள்ளைகள் இரண்டும் தனித்தனியே போய்விட்டார்கள். கேரவன் வாங்கினதே நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழமை எங்கள்பாட்டில் இருக்கத்தான். சொன்னது இவர், நானில்லை.

கடைக்காரப் பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் இரண்டு என்றேன். இவர் எட்டு என்றார். அவள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போவதுபோல அப்பால் போனாள்.

டீட்டிகோனில் இருக்கிற இவருடைய அண்ணருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். அண்ணர், அண்ணி, இரண்டு மகன்மார், இரண்டு மருமக்கள். எல்லாரும் வருகினம்.

"அண்ணை கேட்டால் மாட்டன் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

வாயால்தான், என்றேன்.

எடுத்தது கேரவன் நீளத்துக்குப் பெரியது. படுக்கிற அறை வேறு பக்கத்தில். இரும்புக் கம்பி ஒரு மூட்டை. காரில் ஏற்றும்போது இவருக்கு நாரி பிடித்துவிட்டது. எனக்குப் பாவமாக இருக்கவில்லை.

யூலை 6, ஞாயிறு

வெயில். அண்ணர் வந்தார். கேரவன் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம், முன்னுக்குக் கற்பூரம். எங்கள் எம்மன்புரூக்கே புளொக் முழுக்கப் பல்கனியில் நின்று பார்த்தது. பழம் நசிய இழுத்தது நான். இவருக்குக் கேரவன் இழுக்கிற அன்ஹேங்கர் லைசென்ஸ் இல்லை. சோதனையில் நின்ற கூம்புகளை எல்லாம் விழுத்திவிட்டு, பரீட்சகருக்குத் தமிழரைப் பிடிக்காது என்று வீட்டில் வந்து சொன்னவர். அதே பரீட்சகர்தான் என்னைப் பாஸாக்கினார். அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அண்ணர் பின்னால் நின்று வலது, இடது என்று கை காட்டினார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை.

கொண்டுபோக: முளை, சுத்தியல், காஸ், பெரிய சோத்துப் பானை, இடியப்ப உரல் (அண்ணியின் உத்தரவு). என் புத்தகம் இரண்டு. வாசிக்கப் போகிறேனாக்கும்.

யூலை 12, சனி

மூர்ட்டன் ஏரி. மப்பு. கேம்பிங் பொறுப்பாளர் கெட்டிக்காரி. பீஸே என்கிற குளிர்காற்று வடகிழக்கிலிருந்து வரும், கேரவனின் முதுகை அந்தப் பக்கம் வையுங்கள் என்றாள். அங்கே எல்லாக் கூடாரமும் அப்படித்தான் நிற்கிறது.

அண்ணர் போனில் திசைகாட்டியைத் திறந்தார். வாசல் கிழக்குப் பார்க்க வேணுமாம். கூடாரத்துக்கும் வாசல் பார்ப்பதா என்று கேட்டேன். பதிலை எனக்குச் சொல்லவில்லை, இவருக்குச் சொன்னார். அது அவருடைய வழக்கம். இவர் என்னைப் பார்த்து, திருப்பிவிடும் என்றார். திருப்பினேன். பொறுப்பாளர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

கம்பி பூட்ட அண்ணனும் தம்பியும். பின்னேரம் வரை. கடைசியில் மூன்று கம்பி மிஞ்சியது. கம்பனிக்காரன் கூடத் தந்திருக்கிறான் என்றார் அண்ணர்.

பக்கத்து இடத்துச் சுவிஸ்காரர் புல்லுக்கு மேல் கம்பளம் விரித்து, கம்பளத்துக்கு வக்யூம் பிடிக்கிறார். அதுவும் ஒரு விடுமுறை.

கேரவன் கட்டிலில் அண்ணரும் அண்ணியும். வயதுபோனவர்களாம். நாங்கள் கூடாரத்தில்.

யூலை 14, திங்கள்

மழை. காலை புட்டு. மத்தியானம் சோறு, மீன் குழம்பு. இரவுக்கு இடியப்பம் வேணுமாம். கறி மணம் சுவிஸ்காரருக்குப் போய்விடும் என்று அண்ணி கூடாரத்தின் எல்லா ஸிப்பையும் இழுத்து மூடிவிட்டா. உள்ளுக்கு ஆவி. கூரை வியர்த்து என் கழுத்துக்குள் சொட்டுகிறது. வீட்டுக் குசினிக்கு ஜன்னலாவது இருந்தது.

அண்ணி போனில் யாருக்கோ: "நல்ல வசதி. எங்கடை ஆக்கள்தானே, ஒரு கரைச்சலும் இல்லை."

மழை விட்டதும், ஏரிக்கரையால் ஒரு நடை போவமா என்று இவரைக் கேட்டேன். அண்ணை தனிய இருப்பார் என்றார். அண்ணரோடு ஐந்து பேர் இருந்தார்கள்.

இந்த மனிசனோடு நடக்க ஆசைப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆசை போகவும் இல்லை. அதுதான் கூட வெட்கம்.

யூலை 15, செவ்வாய்

மத்தியானம் பீஸே. கிழக்கு வாசலால் நேரே உள்ளே வந்தது. கூடாரம் உப்பி, முளைகள் பிடுங்குப்பட்டு, பருப்புச் சட்டி கவிண்டு, எல்லாரும் கார்களுக்குள் ஓட்டம். கம்பியைப் பிடித்தது நான், பொறுப்பாளர், வக்யூம்காரர். அந்தச் சுவிஸ்காரரைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் வாபஸ். இவரும் பிடித்தார், ஒரு கையால். மற்றக் கையில் போன். அண்ணர் காருக்குள் இருந்து போனில் சொல்லிக்கொடுக்கிறார்.

காற்று அடங்கினபிறகு அண்ணர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார்.

"பாத்தியோ, வாசல் கிழக்கு. அதாலைதான் தப்பினது."

இவர் ஓம் என்றார். என் கையில் கம்பி கிழித்த காயம். அதைக் கண்டபிறகும் ஓம் என்றார்.

யூலை 16, புதன்

வெயில். காற்றில்லை. அண்ணரும் அண்ணியும் குளிக்கப் போன நேரம், அவர்களுடைய பெட்டிகளைக் கூடாரத்துக்குள் மரியாதையாக அடுக்கினேன். கூடாரத்தைத் தவாளிப்பிலிருந்து உருவினேன். ஒரு பக்கம் திறந்து தொங்குகிறது. மிஞ்சின கம்பியால் முட்டுக்கொடுக்கட்டும். கறன்ட் வயரைச் சுருட்டி, கேரவனின் ஊன்றுகால்களை உயர்த்தி, காரில் கொழுவினேன். அண்ணரின் பெடியள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதவிக்கு வரவில்லை, தடுக்கவும் இல்லை.

அண்ணர் துவாயோடு வந்தார். என்ன நடக்குது என்று இவரைக் கேட்டார். நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன்.

இவர் ஜன்னலடிக்கு வந்தார்.

"எங்கை போறீர்?"

தெரியாது என்றேன். மலைப்பக்கம், இரண்டு பேர் நிற்கிற இடமாக.

திரும்பி அண்ணரைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் குனிந்து, மெதுவாக:

"நானும் வரட்டோ?"

கல்யாணம் முடித்த நாள்தொட்டு வெளிக்கிடும், போவம் என்று சொல்லித்தான் இவருக்குப் பழக்கம். கேட்டது இதுதான் முதல் தரம்.

செருப்பு முழுக்கச் சேறு. தட்டிப்போட்டு ஏறச் சொன்னேன்.