வாங்காமல் வந்த கேப் டப்பா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே போன் அடித்தது. பக்கத்து ஊரான ஸ்டாக்டன் நம்பர். எடுக்கவில்லை. பிறகு வாய்ஸ்மெயிலைக் கேட்டேன். ஒரு பெண்குரல். நீங்கள் கேட்டு வைத்திருந்த நம்பர் லெவன் கேப் வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு டப்பாதான், வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று, என் பெயரைத் தப்பாக உச்சரித்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. நான் எந்தக் கடையிலும் எதையும் கேட்டு வைக்கவில்லையே என்று ஒரு நிமிடம் விழித்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஆளுக்கு ஒரு டப்பா என்பதால் நீ உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டு வந்திருக்கிறாய். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவர்களுடைய பட்டியலில் நம்முடைய முறை இப்போதுதான் வந்திருக்கிறது.

உனக்கு எப்படி அந்தப் பைத்தியம் பிடித்தது என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. ஒரே வருடத்தில் விசா வாங்கி இந்த நாட்டுக்கு வந்து, ஒரே அபார்ட்மென்ட்டில் ஆளுக்கொரு மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தவர்கள் நாம். கோபிச்செட்டிபாளையத்துக்காரன் நீ, சைதாப்பேட்டைக்காரன் நான். பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகு மற்றவர்கள் கோல்ஃப் என்றும் ஹைக்கிங் என்றும் கிளம்பினார்கள். நீ கவுன்ட்டி கண்காட்சியில் யாரோ சுட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டு, குழல் வாயில் மருந்து போட்டு இடிக்கும் பழங்காலத் துப்பாக்கி ஒன்றை உதிரி உதிரியாக வாங்கி, லிவர்மோர் வீட்டு கராஜில் மூன்று மாதம் உட்கார்ந்து கோத்தாய்.

அந்த கேப் என்பது என்ன என்று எனக்கு நீ சொன்னது நினைவிருக்கிறது. "தீபாவளிக்குப் பொட்டு வெடி வச்சு அடிப்போமில்ல, அதேதாம்ப்பா. அதைச் செம்புல தொப்பி மாதிரி செஞ்சிருக்கான், அவ்ளோதான்." உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். மிளகை விடக் கொஞ்சம் பெரிது. துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு முளை மேல் அதைச் செருக வேண்டும். சுத்தியல் மாதிரியான குதிரை அதன் மேல் விழுந்தால் பொறி கிளம்பும். குழலும் மருந்தும் குண்டும் எல்லாம் சரியாக இருந்தும் அந்தப் பொட்டு இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக்கழி.

கோயில் கேன்டீனில் உன்னைக் கிண்டல் செய்வார்கள். என்ன, கவ்பாய் இன்னும் சுட்டுக்கிட்டுத்தான் இருக்காரா என்று என்னிடம் கேட்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

பெருந்தொற்று வந்த வருடத்தில் கடைகளில் எல்லாம் தீர்ந்தது போல இதுவும் தீர்ந்தது. டாய்லெட் பேப்பர் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. உன் கேப் வரவில்லை. ஜனங்கள் பயந்துபோய்ப் புதுத் துப்பாக்கிகளாக வாங்கித் தள்ளுகிறார்கள், தொழிற்சாலைகள் அந்தத் தோட்டாக்களைத்தான் முதலில் செய்கின்றன, நம்மைப் போலப் பத்துப் பேருக்காக யார் மெஷினை நிறுத்துவார்கள் என்று நீயே ஒரு கணக்குச் சொன்னாய். சனிக்கிழமை தோறும் ட்ரேசி, மொடெஸ்டோ, ஸ்டாக்டன் என்று காரை எடுத்துக்கொண்டு போவாய். சில தடவை நானும் வந்திருக்கிறேன். ஒவ்வொரு கடையிலும் காலியான அலமாரியில் ஒரு அட்டை தொங்கும். நீ அதைப் படித்த பிறகும் கவுன்ட்டருக்குப் போய் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் வருவாய்.

என் மகளுக்கு டெக்சஸில், ஆஸ்டினில் வேலை கிடைத்தது. பிளேன் ஏறப் பயந்து, அவளையும் சாமான்களையும் காரில் ஏற்றிக்கொண்டு நானும் என் மனைவி சுதாவும் கிளம்பினோம். கிளம்புவதற்கு முதல் நாள் நீ லிவர்மோருக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, வாசலில் ஆறடி தள்ளி நின்றபடி சொன்னாய். "வர்ற வழியில எங்கயாச்சும் கண்ணுல பட்டா ஒரே ஒரு டப்பா எடுத்துட்டு வாப்பா. இதைப் பிளேன்ல ஏத்த மாட்டான். கார்ல போறவங்களத்தான் கேக்க முடியும்." நீ என்னிடம் எதையும் கேட்டவன் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது, மேற்கு டெக்சஸில் பெட்ரோல் போட நிறுத்திய சின்ன ஊரில், எதிர்ப்பக்கம் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. சுதா காரில் உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று பத்தாம் நம்பர், இன்னொன்று பதினொன்று. எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீ நூறு தடவை சொல்லியிருப்பாய், நான் காதில் வாங்கியதில்லை. துப்பாக்கி என்ன ரகம் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. பின்னால் தொப்பி போட்ட இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் என்னை முறைக்கக்கூட இல்லை. எனக்குத்தான் முகம் சூடேறியது. உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட்டால் நீ அரை மணி பேசுவாய், ராத்திரி தங்க வேண்டிய எல் பாசோ போய்ச் சேர இருட்டிவிடும் என்று நினைத்தேன். பரவாயில்லை, தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இருந்ததா என்று சுதா கேட்டாள். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் உன்னிடம் சொன்னேன், "நாலு கடை ஏறி இறங்கினேன்டா. எங்கயும் கிடைக்கல." இல்லை என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். அந்த நாலு கடை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எனக்காக அந்த வெயிலில் நாலு கடை ஏறினாயா என்று கேட்டாய். உன் குரல் மாறியிருந்தது.

அடுத்த வசந்தத்தில் உன் துப்பாக்கி கிளப்பில் போட்டி. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை வரச் சொன்னாய். மலைச்சரிவில் புல் இன்னும் பச்சையாக இருந்தது. மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து குண்டு. உன்னிடம் பதினோரு கேப்தான் இருந்தன என்பது எனக்கு அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் மருந்தை அளந்து ஊற்றி, துணி வைத்து, கோலால் இடித்து, மூச்சை நிறுத்தி நீ சுட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிண்டல் செய்ய அதில் ஒன்றும் இல்லை. முதல் சுற்று முடிந்தபோது நீ இரண்டாவது இடம். இரண்டாவது சுற்றில் ஒரு கேப் வெடிக்காமல் போனது, வேறொன்றைச் செருகினாய். சுற்று முடிந்ததும் உன் பெயர் பலகையில் முதலில் இருந்தது. பதினோரு கேப்பும் தீர்ந்திருந்தன. நீ துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்கலாமே என்றேன். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர், உன்னோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்.

"அவருகிட்டயும் எண்ணிப் பத்துப் பதினஞ்சுதான் இருக்கும். கேட்டா குடுத்துருவாரு. அதனாலதான் கேக்கல" என்றாய். பிறகு என் தொடையில் தட்டி, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மூன்றாவது சுற்றுக்கு விசில் ஊதினார்கள், எல்லோரும் காதை மூடிக்கொண்டோம். அதைச் சாக்காக வைத்து விட்டுவிட்டேன். அந்த இலையுதிர் காலத்தில், காலை நடைக்குப் போன நீ திரும்பவில்லை. நெஞ்சு வலி என்று யாரையும் கூப்பிடக்கூட உனக்கு நேரம் இருக்கவில்லை.

காரியத்தன்று உன் மனைவி மல்லிகா என்னைத் தன் அண்ணனிடம் அறிமுகப்படுத்தினார். "டெக்சஸ்ல இவருக்காக நாலு கடை ஏறி எறங்குனது இந்த அண்ணன்தானுங்க. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தாரு." அந்த மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டாக்டனுக்குப் போனேன். உன் டப்பா இல்லை. உன் நம்பரில் யாரும் எடுக்காததால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். என் பெயருக்கு வந்ததை வாங்கிக்கொண்டு நேராக லிவர்மோருக்கு வந்தேன். ஆல்டமான்ட் மலையைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று.

மல்லிகா காபி போட்டுக் கொடுத்தார். டப்பாவை மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, இரண்டு நம்பர், எல் பாசோ, நாலு கடை. சொல்லி முடித்ததும் எனக்குப் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அவர் டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப என் பக்கம் வைத்தார்.

"இதை அவர் இருக்கறப்ப அவருகிட்டச் சொல்லியிருக்கணுங்க" என்றார். "எனக்குன்னு ஒரு பிரண்டு இருக்கான்னு நெனச்சுட்டுத்தான் அவர் போனாரு. நானும் அதை நெனச்சுத்தான் ஆறுதலா இருந்தேன். இப்ப வந்து எங்கிட்டச் சொல்லி, அதையும் எடுத்துட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டப்பாவை நீங்களே கொண்டுபோய்விடுங்கள் என்றார். மறுநாள் கிளப்புக்குப் போய், அந்தத் தாடிக்காரப் பெரியவரிடம் கொடுத்தேன். யார் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடமாக உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மல்லிகாவும் நானும் உன்னைப் பற்றித்தான் பேசுவோம். நீ சொன்னது, நீ கோபப்பட்டது, நீ கருக்கிய தோசை. போன ஞாயிறு அவரைக் கோயிலில் பார்த்தேன். நின்று பேசினார். சுதா எப்படி இருக்கிறாள், ஆஸ்டினில் மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒன்று விடாமல் விசாரித்தார். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இனி அவர் என்னிடம் உன்னைப் பற்றிப் பேசமாட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு உன்னைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை. அதனால்தான் உன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.