உங்கள் பேர் தொங்கிய தேக்கு

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்,
9-2-1997

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் சுகம். அசாம் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று இந்த முறையாவது மறைக்காமல் எழுதுங்கள்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நேற்று கட்டியிருந்த சேலையின் கரையை அலசினேன். செம்மண் போய்விட்டது. மஞ்சள் போகவில்லை. வெயிலில் உலர்த்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோயில் மணி அடித்தபிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

தபால் ஆபீஸ் பத்திரங்கள் இந்த மாதம் முதிர்ந்துவிட்டன. நீங்கள் ஓய்வு பெற்று வந்தபின் நாம் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய பணம். அதை எடுத்து, உங்கள் தம்பி குருசாமி சொல்கிற தேக்கு மரத் திட்டத்தில் போடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். மில்லில் வேலை போனபிறகு அவர் அந்தக் கம்பெனிக்குத்தான் ஏஜெண்டாக அலைகிறார். ஆள் சேர்த்தால் கமிஷன். நேற்று பணம் கட்டப்போகிறவர்களை எல்லாம் வேனில் ஏற்றி வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தோப்புக்கு அழைத்துப் போனார். நானும் போனேன்.

அந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும் அத்தான். மலை முழுக்கப் பனி. வரிசை வரிசையாகத் தேக்கு. பழுத்த இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அவசரமே இல்லாமல் இறங்கின. நீர் பாய்ச்சிய மண் காலை உள்ளே இழுத்தது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரத்தில் பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் அத்தனை பேர்களும் சேர்ந்து மெல்லச் சத்தம் போடுகின்றன.

பணம் கட்டுமுன்பே நமக்கென்று ஒரு மரம் ஒதுக்கி வைத்திருந்தார் தம்பி. 'தனுஷ்கோடி, ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று வெள்ளைப் பெயின்ட். கல்யாணமானதிலிருந்து உங்கள் பேரை மணியார்டர் தாளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது ஒரு மரத்தில் அசைவதைப் பார்த்ததும் நீங்களே வந்து நிற்பதுபோல இருந்தது. சாய்ந்துகொண்டேன். தலை நரைத்து நாம் இரண்டு பேரும் அந்த நிழலில் உட்கார்ந்திருப்பதும், நீங்கள் எதற்கோ சிரிப்பதும், எனக்குக் காது சரியாகக் கேட்காமல் போனதும் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. அப்போதே கையெழுத்துக் கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. யார் தொடங்கினார்களோ, மரம் வாங்குகிற பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள். பெரிய தெரு முத்துப்பேச்சி தன் மரத்தை அண்ணாந்து பார்த்து, "எங்க வீட்டு ஆளு மாதிரி இல்லட்டி, இது நல்லா ஒசரமா நிக்கி" என்று சொல்ல, வேனே சிரித்தது. கயிறு கட்டியபின் அவளிடம், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்தாயா என்றேன். "சாமியாக் கும்பிட்டாச்சு, இனிப் போயி பட்டா கேக்கச் சொல்றியாக்கும்" என்று முகத்தைச் சுளித்தாள். யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நானும் மஞ்சள் கிண்ணத்தோடு நம் மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே வெளுத்துப்போன கயிறு ஒன்று ஏற்கெனவே பட்டையோடு ஒட்டியிருந்தது. தகரத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தில் 'பிச்சையம்மாள், சேத்தூர்' என்று இருந்தது. கிண்ணம் கைதவறிச் சேலையில் கொட்டியது. அடுத்த மரத்துத் தகரத்தையும் திருப்பிப் பார்த்தேன். அதற்கும் இரண்டு பேர்.

தம்பியைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன். "பெயின்ட் அடிக்கிற பய மாத்தி எழுதிட்டான் மதினி, எம்புட்டு மரம் நிக்கி பாருங்க, ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு" என்றார். பட்டாவைப் பார்க்கலாமா என்றேன். "அண்ணனே எழுதுன பொறவும் நீங்க கேக்கீகளே" என்று குரல் உடைந்துவிட்டது. மரத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அவருக்கு முன்பே தெரியுமா, என்னோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டாரா என்று இரவெல்லாம் யோசித்தேன். தெரியாது என்றுதான் நினைக்க விரும்புகிறேன். திரும்பி வரும்போது வேனில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நாளை மறுநாள் பணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பத்திரம் இருவர் பேரிலும் இருக்கிறது, என் கையெழுத்தே போதும். நாளை தபால் ஆபீஸ் திறந்ததும் அதை மறுபடி அங்கேயே போட்டுவிடப் போகிறேன். வட்டி குறைவுதான். நம் இரண்டு பேருக்குக் காணும். உங்கள் சொல்லை நான் மீறுவது இதுதான் முதல் தடவை. கோபம் வந்தால் எழுதித் தீர்த்துவிடுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாளை தபால் ஆபீஸிலிருந்து அப்படியே பஸ் ஏறிச் சேத்தூர் போகிறேன். பிச்சையம்மாள் யாரோ, எந்தத் தெருவோ, கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் கட்டிய கயிறு இருக்கிற மரத்தில் உங்கள் பேர் எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஊர் பேசும். தம்பி பேர் கெடும். ஆனி மாதம் நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கும்போது ரயிலடிக்கு அவர் வராமலே போகலாம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். வேண்டாம் என்று தடுக்க உங்களுக்கு வழியில்லாமல் எழுதுகிறேன், அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை அத்தான்.

உங்கள்
செல்லக்கனி