ஆறு மணி நேர வெளிச்சம்

அம்மணி,

நேற்று சமையலறை லைட் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்க ஒப்பணக்கார வீதியில் நம் பாய் கடைக்குப் போனேன். அவர் பெட்டியை நீட்டியதும் விலையைக்கூடப் பார்க்காமல், ஓரத்தில் 6500 என்ற பகல் வெள்ளை எண் போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். பாய் சிரித்துவிட்டார். "உங்க கூட்டாளியம்மாவும் இப்படித்தானுங்க பாப்பாங்க. எங்கீங்க, ஆளையே காணோம்?" நீ போய் ஏழு மாதமாகிறது என்றேன். அவர் பெட்டியை வாங்கித் துடைத்துப் பையில் போட்டார். பிறகு, "நல்ல வெவரமான அம்மாங்க" என்றார். எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். அந்தக் கடைக்கு நானும்தான் பதினைந்து வருடமாகப் போகிறேன்.

எனக்கு உன்மேல் பொறாமை. இருந்தபோது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இருக்கிறது அது. கல்யாணமாகி இருவரும் கணபதியில் ஒரே வீதிக்கு வந்து சேர்ந்ததும், நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ அதை நம்பவும் செய்தாய்.

மீன் தொட்டியை முதலில் வாங்கியது நான். அதை நீ மறைத்ததும் இல்லை. "இவளப் பாத்துத்தானுங்க எனக்கு ஆசையே வந்துச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய். அப்படிச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் உன் தொட்டி முன்னால் உட்கார வைத்துவிடுவாய். என் வீட்டுத் தொட்டியைப் பார்க்க ஒருவரும் எழுந்து வந்ததில்லை.

தொட்டிக்கு லைட் வாங்க, வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். நான் ரிமோட் வைத்ததை எடுத்தேன். நீலம், ஊதா, சிவப்பு என்று நினைத்த நிறத்துக்கு மாறும். நீ எல்லாவற்றையும் எரிய வைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாய். நேராகப் பாய் கடைக்குப் போய், சமையல் மேடைக்கு மேலே மாட்டுவார்களே, அந்த இரண்டடி வெள்ளை டியூப்பில் 6500 போட்டதாகப் பார்த்து இரண்டை வாங்கிக்கொண்டாய். இரண்டும் சேர்ந்து என் லைட்டின் விலையில் கால்வாசிகூட வரவில்லை. தொட்டிக்கு மேலே இருந்த அலமாரித் தட்டிலிருந்து சங்கிலி கட்டித் தண்ணீருக்கு ஒரு ஜாண் மேலே தொங்கவிட்டாய். "தண்ணிக்குள்ள இருக்கற செடிக்கு வெள்ளை வெளிச்சம் பத்தும் புள்ள, பகலாட்ட இருந்தாச் சரி. நீலமும் ஊதாவும் நம்ம கண்ணுக்குத்தான்" என்றாய்.

ஒரு டைமரும் வாங்கினாய். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பல். எரிய வேண்டிய நேரத்துக்கு உரிய பற்களை அழுத்திவிட்டால் போதும். நீ அழுத்தியது மதியம் இரண்டிலிருந்து எட்டு வரைக்கும். "ஆறு மணி நேரத்துக்கு மேல போட்டா பாசிதான் வளரும்" என்றாய். நான் நம்பவில்லை. இவள் ரகசியமாக ஏதோ உரம் போடுகிறாள், என்னிடம் மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் மீன்கள் கல்யாண மண்டபத்து சீரியல் லைட் மாதிரி மின்னின. செடிகள் மூன்றே வாரத்தில் பழுத்து அழுகின. உன் தொட்டியில் இலை நுனி சிவந்து, இலைமேல் முத்து முத்தாகக் குமிழ் நின்றது. எங்கள் வீட்டில் செல்போனைத் தவிர வேறெதையும் பார்க்காத என் வீட்டுக்காரர், உன் தொட்டி முன்னால் டீ ஆறுகிற வரைக்கும் நின்றார். வீட்டுக்கு வந்ததும், "நம்முளுது மட்டும் ஏன் சாக்கடையாட்ட இருக்குது?" என்றார். அன்று குழம்புக்கு நான் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

அந்த வருடம் உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பத்து நாள் சத்தியமங்கலம் கிளம்பினாய். வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, "ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடு கண்ணு. லைட்டத் தொட வேண்டாம், தானா எரிஞ்சு தானா அணைஞ்சுக்கும்" என்றாய்.

இரண்டாம் நாளே தொட்டேன். காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் இருந்த அத்தனை பற்களையும் நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்தினேன். கை தவறிப் படவில்லை, அம்மணி. எண்ணி எண்ணி அழுத்தினேன். அடுத்த வாரத்தில் தண்ணீர் பச்சையானது. சிவந்த நுனிகளில் பாசி மயிர் மாதிரி படர்ந்தது. தினமும் போய் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீ வருவதற்கு முன் டைமரைப் பழையபடி மாற்றிவிட நினைத்திருந்தேன். நீ ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாய். தொட்டியைப் பார்த்தாய், குனிந்து டைமரைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "ஊருக்குப் போற அவசரத்துல நானே எல்லாத்தையும் அழுத்திப்போட்டேனாட்ட இருக்குது" என்றாய். "இருக்கும்" என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழைய டூத் பிரஷ்ஷால் இருவரும் சேர்ந்துதான் தேய்த்தோம். நீ சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தாய். சரியான ஏமாளி என்று எனக்கு நிம்மதி. இரண்டே மாதத்தில் உன் தொட்டி பழையபடி ஆனது, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து உனக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே தொட்டியைக் கருமத்தம்பட்டியில் இருக்கும் உன் நாத்தனாருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் என் ஹாலில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

நேற்று கடையிலிருந்து திரும்பும்போது உன் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்ணா, அந்தத் தொட்டிய எனக்குக் குடுத்திருக்கலாமல்லங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நானும் அதையேதானுங்க கேட்டேன். 'அவளுக்கு வேண்டாங்க, லைட்ட அணைக்கவே மாட்டா'ன்னு சொல்லிப்போட்டு ஒரே சிரிப்பு. என்ன விசயம்னு கேட்டதுக்கு, அது எங்களுக்குள்ளன்னுட்டா" என்றார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து புது லைட்டை மாட்டாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் வீதி முழுக்கச் சொல்லியிருப்பேன், உன் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். நீயோ அதற்குப் பிறகும் இரண்டு தடவை ஊருக்குப் போனாய். இரண்டு தடவையும் சாவியை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாய்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்கிறேன். ஆனால் அப்படிக் கொடுக்க உன்னால் எப்படி முடிந்தது என்று நினைக்கிறபோது, இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது, அம்மணி.