உப்பளத்துப் பள்ளிக்கு வந்த ஓலை

கடலைக் காக்கும் கரையும் கரையைக் காக்கும் செங்கோலும் நீடு நிலைபெறுக. வெண்கோட்டு நாடுடைய மாவண்கோ பெருமான் திருமுன், கல்விக் காரியம் பார்க்கும் அமைச்சன் அழிசி கண்டீரன் அடிபணிந்து எழுதும் விண்ணப்பம்.

தலைநகரில் நெல்லும் அரண்மனையில் நலமும் பெருகுக. தென்கரை உப்பளத்துப் பள்ளியின் நடுவகுப்புப் பிள்ளைகள் இருபத்தொருவரும் ஈராண்டாகத் தேர்வில் தோற்றமையால், பள்ளியை மூடி அவர்களை அளத்துக்கே அனுப்புக என்னும் தேவரீர் ஆணையை ஏந்தி இவ்வூர் வந்தேன். அவ்வாணைக்கு யோசனை சொன்னவன் நானே, அதை மறைப்பதற்கில்லை.

இப்பிள்ளைகள் விடியற்காலையில் பெற்றோருடன் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறிய பின்பே பள்ளிக்கு வருகிறார்கள். பாதிப்பேர் வாசிப்பில் தடுமாறுகிறார்கள். அதைப் பூசி மெழுக மாட்டேன். ஆயினும் மணலில் விரலால் எழுதச் சொன்னபோது, பதினால்வர் கணக்கைப் பிழையின்றிப் போட்டார்கள். பின் ஓலையில் தோற்றது ஏன் என்று வினவினேன். தேர்வு நாளன்றி இப்பள்ளிக்கு ஓலையே வந்ததில்லை என்றும், ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தாணி தொடும் கை, அதிலும் உப்பில் வெடித்த கை, ஓலையைக் கிழிக்காமல் என்ன செய்யும் என்றும் ஆசிரியை கொன்றைச்செல்வி பணிவாகவே கேட்டார்.

கிழிந்த ஓலையை வாசியாமலே கழிக்க என்று விதி வகுத்தவனும் அடியேனே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாமோ கூடமே கொடாமல், ஆடத் தெரியவில்லை என்றோம். எனக்கு வெட்கமாயிருந்தது.

அப்போது உப்பு வாருவோன் மகள் சேந்தி என்னும் பன்னிரண்டு வயதுப் பெண், நான் கொணர்ந்த ஆணையின் பின்புறம் வெறுமையாக உள்ளதா என்று கேட்டாள். ஆம் என்றதும், அதைத் தரலாகுமா என்றாள். அரசாணையைக் கேட்கும் துணிவா என்று முதலில் சினந்தேன்; பிறகு கொடுத்தேன். ஆணையின் ஏடுகள் நான்கின் பின்புறத்திலும் பிள்ளைகள் ஆளுக்கொரு வரி எழுதினார்கள். முதல் ஏடு மூன்றிடத்தில் கிழிந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பின்வந்தவர்கள் கையை இளக்கினார்கள். நான்காம் ஏடு கிழியவில்லை.

ஆகையால் ஆணையைப் பறையறைவிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உப்பு வாரும் பருவம் நீக்கி மழைக்காலத்தில் தேர்வு வைக்கவும், கிழிந்த ஏட்டையும் வாசித்த பின்பே மதிப்பிடவும், திங்கள்தோறும் இப்பள்ளிக்கு ஓலை வழங்கவும் திருவாய் மலர்ந்தருள்க. என் முத்திரையைப் பிள்ளைகள் எழுதிய பக்கத்தில் இட்டுள்ளேன்.

பள்ளியை மூடவே பெருமான் திருவுளம் கொள்ளின், ஆணையைப் புதிய ஏடுகளில் எழுதுவித்து அனுப்புக. அவற்றின் பின்புறத்தையும் வெறுமையாக விடும்படி சேந்தி கேட்டுக்கொண்டாள்.